ஈஸி சேரை எப்போது கூடத்தில் திருப்பிப் போடப் போகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 37 வயது. மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு பள்ளத்தில் இருந்தது. ஒவ்வொரு பெருமழைக்கும் கூடத்துக்குள் தண்ணீர் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பீரோவின் கீழ்த்தட்டு வரை ஏறியது. அப்புறம் யோசித்து யோசித்து, போன மாசியில்தான் வீட்டை இடித்துவிட்டு உயர்த்திக் கட்ட ஆரம்பித்தோம். அதுவரை குரோம்பேட்டையில் கணவரின் அக்கா வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. ஆவணிக்குள் முடித்துத் தருவதாக மேஸ்திரி சொன்னார். ஆவணி போய் ஐப்பசி வந்தது, ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, அப்புறம் மார்கழியில் குடிபோகக் கூடாது என்றார்கள். இப்போது தையில் நாள் குறித்திருக்கிறோம். ஆறு மாதம் என்று வந்தவர்கள் பதினோரு மாதம் இருந்துவிட்டோம்.

இரண்டு படுக்கையறை வீடு. அண்ணி, அண்ணன், கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகன், நாங்கள் இரண்டு பேர், 10 வயதுப் பையன், 5 வயதுப் பெண். ஆக ஏழு பேர். வாடகைப் பேச்சை எடுத்ததற்கே அண்ணி கோபித்துக்கொண்டார். பையனின் படிப்பு மேஜைக்கு இடம் வேண்டும் என்று அண்ணன் தன் ஈஸி சேரைப் பால்கனிக்குக் கொண்டுபோய்விட்டார். நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் புரட்டாசியில் ஒரு நாள் அண்ணி போனில் யாரிடமோ, "இதென்ன வீடா, சத்திரமா?" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை, ஏழு பேருக்கும் காலைச் சமையல் நான்தான். அன்றிலிருந்து மனசு ஒட்டவில்லை.

கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. ஒரு பவுனில் செயின் எடுத்துக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறேன். "கூடப்பிறந்த அக்காவுக்கு எவனாவது நன்றி சொல்வானா, அசிங்கமா இருக்கு" என்கிறார் கணவர். இதற்கு நடுவில் மகள் வேறு, "நான் வரலை, அத்தைகூடவே இருக்கேன்" என்று அழுகிறாள். அதைக் கேட்டால் சுருக்கென்று இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: செயினை இப்போதைக்கு வாங்காதீர்கள். பவுன் விற்கிற விலையும் உங்கள் வீட்டுக் கடனும் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு உறுத்தியது "கணக்கு நேராகிவிடும்" என்ற உங்கள் வார்த்தை.

நம் வீடுகளில் பழைய மொய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். 101 ரூபாய் செய்தவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் அதே 101-ஐத் திருப்பிச் செய்வதில்லை. கொஞ்சம் சேர்த்துத்தான் செய்வார்கள். அந்தக் கூடுதல் தொகைக்கு அவர் மறுபடி நமக்குக் கடன்பட்டவர் ஆகிறார். இப்படி ஒருத்தர் மேல் ஒருத்தர் பாக்கி வைத்துக்கொண்டேதான் போக்குவரத்து ஓடுகிறது. பைசா பாக்கியில்லாமல் தீர்த்துக்கொள்வது உறவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் செய்கிற காரியம். பதினோரு மாதத்துக்கு ஒரு பவுன் என்று நீங்கள் நீட்டினால், வாடகை வாங்க மறுத்த அண்ணிக்கு அது எப்படிக் கேட்கும்? "எனக்கும் உனக்கும் இனி ஒன்றுமில்லை" என்பது போலக் கேட்கும். உங்களுக்கு அந்த எண்ணமே இல்லை என்றால் சந்தோஷம். ஆனால் சத்திரம் என்ற சொல் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்குப் படுகிறது.

அதற்காகப் பணக்கணக்கை அப்படியே விடவும் சொல்லவில்லை. அதைத் தனியாகப் பேசுங்கள், பணமாகவே பேசுங்கள், உங்கள் கணவர் பேசட்டும். மின்சாரக் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வரை கட்டணம் ஒரு மாதிரி. 500-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் அதிக விலை என்பதில்லை. கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடும். மூன்று பேர் இருந்த வீட்டில் ஏழு பேர், சித்திரை வைகாசியில் இரண்டு ஏசி என்றால் அண்ணன் எத்தனை முறை அந்தக் கோட்டைத் தாண்டிக் கட்டியிருப்பார் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அவர் வாய் திறந்திருக்க மாட்டார். நீங்கள் கிளம்பிய பிறகு வருகிற முதல் பில்லிலும் உங்கள் நாட்கள் இருக்கும். இணைப்பு எண்ணை இப்போதே குறித்து வைத்துக்கொண்டு, அந்த பில்லை நீங்கள் இணையத்தில் கட்டிவிடலாம். கிளம்பும் முன் ஒரு சிலிண்டர் நிறைத்து வைத்துவிட்டுப் போங்கள். மற்றபடி ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், உங்கள் கணவர் நேராக அத்தானிடம், "இவ்வளவு செலவாகியிருக்கும்னு எனக்குத் தெரியும், இதை வாங்கிக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிக் கொடுக்கட்டும். வாங்கவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம், அண்ணி மகனின் படிப்புக்கு அது ஒரு நாள் உதவும். தட்டில் வெற்றிலை பாக்குக்கு அடியில் ஒளித்து மட்டும் வைக்காதீர்கள். செலவுப் பணத்தைச் சீர் மாதிரி கொடுத்தால் இரண்டும் கெடும்.

அடுத்து சமையல். ஏழு பேருக்கும் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1979-ல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள், கணவன் மனைவியைத் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டில் இன்னின்ன வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறைத் தாண்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சண்டையைக் கிளப்புவது போன்ற விஷயங்களிலும் தங்கள் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். ஆக இது வெறும் தற்பெருமை இல்லை. நாம் தேய்த்த பாத்திரம் ஒவ்வொன்றும் நமக்கு ஞாபகம் இருக்கிறது, அடுத்தவர் தேய்த்ததை நாம் பார்க்கவே இல்லை.

ஒரே அடுப்படியில் புழங்கும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தால் நானும் இதைச் செய்வதுண்டு. ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து எழுதச் சொல்வேன். நூறு வந்ததே இல்லை. ஒரு முறை 160 வந்து, மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நீங்கள் அண்ணியோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம். காலையில் நீங்கள் அடுப்பைப் பற்றவைக்க வரும்போது மேல்தொட்டி நிறைந்திருந்ததா? அப்படியானால் அதற்கு முன்பே யாரோ எழுந்து மோட்டார் போட்டிருக்கிறார்கள். அரைத்த மாவு குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததா? இந்த இரண்டை மட்டும் யோசித்துப் பாருங்கள், போதும்.

சரி, அந்தச் சத்திரத்துக்கு வருவோம். புரட்டாசி என்று நீங்கள் மாதத்தைக் குறிப்பிட்டதுதான் எனக்கு வழிகாட்டியது. நீங்கள் சொன்ன கெடு ஆவணி. அது முடிந்த அடுத்த மாதம் அந்தப் பேச்சு வந்திருக்கிறது. நான் ஒன்று கேட்கிறேன்: ஆவணி முடியும்போது, "வேலை முடியலை அண்ணி, இன்னும் நாலு மாசம் ஆகும் போலிருக்கு, உங்களுக்குச் சரிப்படுமா?" என்று யாராவது உட்கார்ந்து சொன்னீர்களா? பெரும்பாலான வீடுகளில் சொல்வதில்லை. தங்கியிருப்பவர்களுக்குச் சங்கடம், அதனால் மேஸ்திரியைத் திட்டுவது போல நாலு வார்த்தை வீட்டுக்காரர் காதுபடப் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். வீட்டுக்காரருக்கும் கேட்கச் சங்கடம். பதினைந்து நாள், இருபது நாள் என்று அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். கடைசியில் அது யாரோ ஒருத்தரிடம் போனில் வெடிக்கும். வெடித்தது உங்களைப் பற்றி என்றாலும் உங்களிடம் இல்லை. அவர் தன் மூச்சுக்காக ஒரு ஜன்னலைத் திறந்தார், நீங்கள் அந்தப் பக்கமாக வந்துவிட்டீர்கள்.

அதனால் அந்த வார்த்தையைக் கிளம்பும் நேரத்தில் எடுக்காதீர்கள். பாதி மூட்டை கட்டியிருக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சுக்கு ஆறுவதற்கு நேரம் இருக்காது. அதற்குப் பதில் உங்கள் பக்கத்துத் தவறை நீங்களே எடுத்து வையுங்கள். "ஆவணின்னு சொல்லிட்டு தை வரைக்கும் இழுத்துட்டோம் அண்ணி. நடுவுல உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை." இவ்வளவு போதும். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ" என்று சொன்னாலும் சொல்வார். சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்து, தலை பின்னும்போதோ கீரை ஆயும்போதோ, அவராகவே எதையாவது ஆரம்பிக்கலாம். அப்போது பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

நன்றி சொல்வது அசிங்கம் என்கிற உங்கள் கணவரோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். "உங்களுக்கு நன்றி அண்ணி" என்று கூடத்தில் நின்று சொன்னால் ஆண்டுவிழா நன்றியுரை மாதிரிதான் இருக்கும். அந்தச் சொல்லே பழைய தமிழில் வேறு. திருக்குறளில் நன்றி என்றால் செய்த நல்லது. வாயால் சொல்கிற தேங்க்ஸ் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் நன்றி என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள், அவர் செய்ததைச் சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல், கை வைத்துக் காட்டுகிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி நீங்கள் அசந்து தூங்கிவிட, அவர் நெற்றியில் துணி மாற்றிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த மாதிரி ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கும். அதைச் சொல்லிவிட்டு, "நான் அன்னிக்கு எதுவும் சொல்லலை, ஆனா மறக்கலை" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாய் வரவில்லை என்றால் எழுதுங்கள். 2018-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களை நன்றிக் கடிதம் எழுதவைத்துப் பார்த்தார்கள். வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்குச் சங்கடம் இருக்கவில்லை. வாங்கியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மகிழ்ந்திருந்தார்கள். எழுதியவர்களோ வார்த்தை சரியாக விழுந்ததா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வு நம்மூரில் நடந்ததல்ல. ஆனால் என் அனுபவத்தில் குரோம்பேட்டைக்கும் அது பொருந்தும்.

எனக்கே இதில் ஒரு பாடம் உண்டு. கல்லூரியில் இரண்டு வருடம் திருச்சியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மதியமே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஊருக்குப் போகிற அவசரம், வயசு அப்படி. வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து நல்லதாக ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு சித்தியைப் பார்க்கப் போனேன். பிரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு நீ ரிக்‌ஷாவுல போறப்ப தெருமுனை வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னேன், நீ திரும்பியே பார்க்கலை" என்றார். அத்தனை வருடமும் அவருக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. புடவையை அவர் ஒரு தடவைகூடக் கட்டியதாக எனக்கு நினைவில்லை.

இனி, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன ஒருவர். அண்ணன்.

உங்கள் கடிதம் முழுக்க அண்ணி இருக்கிறார். அண்ணன் ஒரே ஒரு காரியத்தோடு வந்துபோகிறார்: ஈஸி சேரைப் பால்கனிக்குக் கொண்டுபோனார். ஒரு மனிதர் தன் வீட்டுக் கூடத்தில் தான் உட்கார்கிற இடத்தைப் பதினோரு மாதம் விட்டுக்கொடுத்திருக்கிறார். செய்தி பார்த்த இடம், மத்தியானம் கண்ணயர்ந்த இடம் எல்லாம் அதுவாகத்தான் இருந்திருக்கும். சித்திரை வெயிலிலும் ஐப்பசிச் சாரலிலும் அவர் அந்தப் பால்கனியில்தான் உட்கார்ந்தார் என்று நினைத்தால் எனக்கு அண்ணியின் ஒரு வார்த்தை சின்னதாகத் தெரிகிறது. இந்த மாதிரி வீடுகளில் சத்தம் போடுகிறவரைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள்.

அந்தச் சேரின் துணி இத்தனை நாள் வெயிலிலும் சாரலிலும் நைந்திருக்கும். முக்கியமாக, உட்காருமிடத்தில். இந்த வாரமே கழற்றி அளவெடுத்து, நல்ல கெட்டித் துணியில் இரண்டு ஓரமும் கழி நுழைகிற மாதிரி மடித்துத் தைத்து வாங்குங்கள். தையற்காரர் ஒரு நாளில் தைத்துக் கொடுத்துவிடுவார். உங்கள் பையனை விட்டு மரச்சட்டத்தைத் துடைக்கச் சொல்லுங்கள், ஆணி தளர்ந்திருந்தால் முடுக்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பையனால் முடியும். அப்புறம் படிப்பு மேஜையை மூட்டை கட்டிவிட்டு, அந்த இடத்தில் சேரைக் கொண்டுவந்து போடுங்கள். கிளம்புகிற அன்று வேண்டாம், ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். கடைசி வாரம் பையன் தரையில் உட்கார்ந்து படித்தால் குறைந்துவிட மாட்டான். நீங்கள் எல்லாரும் இருக்கும்போதே அவர் அதில் சாய்ந்து உட்கார வேண்டும், அதை உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஒரு பவுன் செயினைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. செலவு சில நூறு ரூபாய்.

அடுத்து மகள். உங்களுக்குச் சுருக்கென்றது இயல்புதான், மறைக்க வேண்டாம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாசம் பங்கு பிரிக்கிற சொத்து இல்லை. அத்தையிடம் போனதற்காக உங்களிடம் குறைந்துவிடாது. அம்மா வேணுமா அத்தை வேணுமா என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள், மற்றவர்களையும் கேட்க விடாதீர்கள். "எப்ப வேணா வரலாம்" என்றும் சொல்ல வேண்டாம். அந்த வயதில் எப்ப வேணா என்றால் நாளைக் காலை. குரோம்பேட்டைக்கும் மடிப்பாக்கத்துக்கும் இடையே கொஞ்ச தூரம்தானே, ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளாக அவளையே கிழிக்கச் சொல்லுங்கள். அவள் தலையணையை அங்கேயே விட்டு வரட்டும். முதல் மாதம் அந்த ஒரு நாளைத் தவறவிடாதீர்கள், கல்யாணம் காதுகுத்து என்று எது வந்தாலும்.

பையனைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அழாததால் சரியாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி அண்ணனோடு ஒரே வீட்டில் பதினோரு மாதம் இருந்தவன் இனித் தன் அறையில் தனியாகப் படுக்கப் போகிறான். புது வீட்டில் முதல் சில நாள் இரண்டு பிள்ளைகளும் காரணமில்லாமல் அடித்துக்கொள்ளலாம், சாப்பாட்டுக்கு முரண்டு பிடிக்கலாம். வீட்டில் ஆள் குறைந்ததன் சத்தம் அது. அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் படிந்த பழக்கம் ஏதாவது இருக்கும். காலையில் குளியலறைக்கு முறை வைத்துக் காத்திருந்தது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவியது, இப்படி ஒன்று. அதில் எதைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்ததைச் சொல்ல மாட்டார்கள். புது வீட்டில் ஆள் குறைவு என்பதற்காக முறை வைப்பதை விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

சில்லறை விஷயம் ஒன்று. பரணில் உங்கள் அட்டைப்பெட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. "அப்புறம் வந்து எடுத்துக்கறோம்" என்று விட்டுப்போகிற பெட்டிகளால் கெட்ட உறவுகள் எனக்கு நிறையத் தெரியும்.

கடைசியாகப் புதுமனை புகுவிழா. உங்கள் கழுத்தில் தாலி ஏறியபோது நாத்தனார் முடிச்சைப் போட்டது அநேகமாக இந்த அண்ணிதான். புதுவீட்டில் பால் காய்ச்சுவதையும் பல வீடுகளில் அந்த வீட்டில் பிறந்த பெண்ணைக் கொண்டுதான் செய்கிறார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எப்படியோ, அதை அவரிடமே கேளுங்கள். அன்று காலை ஐயர் கூப்பிடும்போது, "நீங்க வாங்க அண்ணி" என்று எல்லார் முன்னாலும் இழுக்காமல் இப்போதே, பத்திரிகை அடிக்கும் முன்பே, அடுப்படியில் தனியாக இருக்கும்போது கேளுங்கள். எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுவது என்பதையும் அவரே சொல்லட்டும். செயின் வாங்கியே ஆக வேண்டும் என்ற ஆசை அப்புறமும் இருந்தால் அடுத்த வருடம், அவர் பிறந்தநாளுக்கோ தீபாவளிக்கோ பாருங்கள்.

அன்று பால் பொங்குகிற நேரத்தில் அண்ணன் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அநேகமாக வாசலில், செருப்புகள் குவிந்திருக்கும் பக்கம், பந்திக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். உங்கள் பையனை அனுப்பி உள்ளே கூட்டிவரச் சொல்லுங்கள்.